எம்.சி. குறைந்தால் கிளினிக்குக்குப் போனஸா? தோட்ட ஒப்பந்தத்தில் எதை ஏற்கலாம், எதை மறுக்க வேண்டும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். சுமார் 300 பேர் வேலை செய்கிறார்கள். அங்குள்ள தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வி இது: நிர்வாகம் பேனல் கிளினிக்குடன் (தொழிலாளர்களைப் பார்க்க அது அமர்த்தும் தனியார் கிளினிக்) போடப்போகும் புதிய ஒப்பந்தத்தில் இரண்டு போனஸ் சேர்த்திருக்கிறார்கள். ஒன்று, தொழிலாளர்களின் மொத்த எம்.சி. நாட்கள், அதாவது டாக்டர் சான்றோடு எடுக்கும் நோய் விடுப்பு, சென்ற ஆண்டைவிட 20 சதவீதம் குறைந்தால் கிளினிக்குக்கு ஒரு தொகை. மற்றொன்று, கிளினிக் பார்க்கும் 40 இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) நோயாளிகளில் 45 சதவீதம் பேருக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.5-க்குள் வந்துவிட்டால் ஆண்டு முடிவில் 4,000 ரிங்கிட். "நல்ல வைத்தியத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம், சங்கம் ஏன் தடுக்கிறது?" என்று மேலாளர் கேட்கிறாராம். என்ன பதில் சொல்வது?

ஐயா, முதலாவதை அடியோடு மறுத்துவிடுங்கள். இரண்டாவதை மறுக்க வேண்டாம், திருத்தி எழுதச் சொல்லுங்கள். டாக்டரும் நர்ஸும் தங்கள் கையால் செய்யக்கூடிய வேலைக்குப் பணம் கொடுக்கலாம். நோயாளியின் உடம்பில் வரும் எண்ணுக்குக் கொடுத்தால் கெடுதல் வரும். பேனாவால் மாற்றக்கூடிய எண்ணுக்குக் கொடுத்தால் இன்னும் பெரிய கெடுதல் வரும். எம்.சி. அந்தக் கடைசி வகை.

எம்.சி.யிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் ஆபத்து அதிகம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60F பிரிவு, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 18 நாள், ஐந்துக்கு மேல் 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்புக் கொடுக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் 60 நாள், அது தனி. இந்த நாட்களை எந்த ஒப்பந்தமும் குறைக்க முடியாது. ஆனால் இந்த விடுப்பைத் திறக்கும் சாவி டாக்டரின் கையெழுத்து. சட்டத்தைத் தொடாமலே, கையெழுத்துப் போடுகிறவரின் மனத்தைத் தொட்டால் போதும். உரிமை காகிதத்தில் அப்படியே இருக்கும், நாள் மட்டும் குறையும்.

எங்கே குறையும் என்பதையும் யோசித்துப் பாருங்கள். வேலையில் அடிபட்டவருக்கு பெர்கேசோ என்கிற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் தற்காலிக முடக்கப் பணம் கொடுக்கிறது, அன்றாடச் சம்பளக் கணக்கில் 80 சதவீதம். ஆனால் விபத்து நாளையும் சேர்த்துக் குறைந்தது 4 நாள் எம்.சி. இருக்க வேண்டும். 3 நாள் என்று எழுதினால் அந்தப் பணம் இல்லை. அதேபோல், 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்கு நாட்காட்டி நாட்களுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் செய்த விபத்தை டோஷ் என்கிற தொழில் பாதுகாப்புத் துறைக்கு அறிவிக்க வேண்டும். ஆக மூன்று, நான்கு, ஐந்து என்ற இந்த எண்களின் நடுவில்தான் தொழிலாளியின் இழப்பீடும் தோட்டத்தின் விபத்துக் கணக்கும் தொங்குகின்றன. நாள் குறைந்தால் பரிசு என்று சொன்ன பிறகு, மட்டை விழுந்து தோள் வீங்கியவனுக்கு ஐந்து நாள் எழுத வேண்டிய இடத்தில் மூன்று எழுதும் பழக்கம் வந்துவிடும். டாக்டர் கெட்டவராக இருக்கத் தேவையே இல்லை. "மூன்று நாளில் சரியாகிவிடும், இல்லாவிட்டால் திரும்ப வரச் சொல்லலாம்" என்று நல்லெண்ணத்தோடு நினைத்தாலே போதும். 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெர்கேசோவின் வேலை விபத்துத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். அவர்கள் திரும்பக் கேட்கவும் மாட்டார்கள்.

விபத்து ஒரு பக்கம், காய்ச்சல் இன்னொரு பக்கம். டிங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் கொதிக்கும்போது வருவதில்லை, இறங்கும்போதுதான் வருகிறது. பெரும்பாலும் 3-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் நடுவே. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். ஆள் "இப்போது பரவாயில்லை" என்பார், தெர்மோமீட்டரும் அதையே சொல்லும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்தால் தலைசுற்றல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. இப்படிப்பட்ட நோயில் காய்ச்சல் விட்ட அன்று எம்.சி.யை முடித்து அனுப்பினால், மறுநாள் காலை பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு, நின்று வெயிலில் குலை வெட்டப் போகிறவர் மிக மோசமான நேரத்தில் மிகக் கடினமான வேலையைச் செய்கிறார். எலி சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸும் முதல் சில நாள் சாதாரணக் காய்ச்சல் போலவே இருக்கும். வாய்க்காலும் சேறும் உள்ள தோட்டத்தில் அதை இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நிர்வாகத்துக்கு ஒரு நியாயமான சந்தேகம் இருக்கலாம்: சிலர் பொய் எம்.சி. எடுக்கிறார்கள் என்று. அதற்கும் வழி இருக்கிறது. திங்கட்கிழமையும் சம்பளம் போட்ட மறுநாளும் திரும்பத் திரும்ப எம்.சி. எடுக்கும் ஆளின் கோப்பை மட்டும் வேறொரு டாக்டரிடம் காட்டலாம், சங்கப் பிரதிநிதி அறிந்தே. இலகுவான வேலை கொடுக்க முடிந்தால் எம்.சி. தாளில் அதை எழுதச் சொல்லலாம். உண்மையிலேயே நாட்களைக் குறைக்க வேண்டுமென்றால் காயத்தைக் குறைக்க வேண்டும். குலை வெட்டுகிறவருக்குக் கண்ணில் விழும் தூசும் பூவிதழும்தான் தினசரித் தொல்லை. கண்ணாடி கொடுத்து, அது மங்கினால் மாற்றிக் கொடுத்தாலே நிறைய நாள் மிச்சமாகும். அந்தப் பணம் கிளினிக்குக்குப் போக வேண்டிய பணமில்லை.

இனி இரண்டாவது போனஸ். இதைப் பற்றி உலகத்தில் நிறைய அனுபவம் சேர்ந்திருக்கிறது, அதில் பெரும்பகுதி பிரிட்டனுடையது. அங்கே 2004 ஏப்ரலில் குடும்ப டாக்டர்களுக்கு கியூ.ஓ.எஃப். என்ற திட்டம் வந்தது. 146 அளவுகோல், மொத்தம் 1,050 புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு பவுண்ட் என்று கணக்கு. டாக்டரின் வருமானத்தில் ஏறக்குறைய கால்வாசி இதிலிருந்து வரும்படி வைத்தார்கள். அரசாங்கம் முதல் ஆண்டில் 75 சதவீதப் புள்ளி எடுப்பார்கள் என்று கணக்குப் போட்டது. எடுத்ததோ 90 சதவீதத்துக்கும் மேல். பட்ஜெட் மீறிப் போனது. இலக்கு ஏற்கனவே எட்டக்கூடிய உயரத்தில் இருந்திருக்கிறது என்பதே அதன் பொருள். இப்போது செய்துகொண்டிருப்பதை அளக்காமல் இலக்கு வைத்தால் வரும் முதல் தவறு இது. உங்கள் 40 பேரில் இன்றைக்கே எத்தனை பேர் 6.5-க்குள் இருக்கிறார்கள் என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் 45 சதவீதம் எங்கிருந்து வந்தது?

அந்தத் திட்டத்தால் பயன் இல்லாமல் போகவில்லை. இனிப்பு நீர், ஆஸ்துமா நோயாளிகளின் கவனிப்பு முதலில் சற்று வேகமாக உயர்ந்தது. இலக்கு எட்டப்பட்டதும் உயர்வு தளர்ந்தது. போனஸ் வைக்காத வேலைகளில் தரம் சில இடங்களில் இறங்கியது. ஒரே டாக்டரைத் தொடர்ந்து பார்ப்பது குறைந்தது. 2016-ல் வெளிவந்த ஆய்வு, மற்ற பணக்கார நாடுகளோடு ஒப்பிட்டபோது இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்றது. அதே 2016-ல் ஸ்காட்லாந்து இதைக் கைவிட்டது. இங்கிலாந்தில் சில அளவுகோல்களுக்குப் பணத்தை நிறுத்தியபோது, அந்த வேலைகளின் பதிவு உடனே சரிந்தது. அதில் எவ்வளவு வேலையே நின்றது, எவ்வளவு எழுதுவது மட்டும் நின்றது என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். பணம் கொடுத்துத் தொடங்கும் வேலையை நிறுத்தும்போது என்ன ஆகும் என்பதை முதல் நாளே யோசிக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி.

பணம் கட்டாத வேலை ஏன் இறங்குகிறது? உங்கள் மேலாளருக்கு இதைச் சொல்ல அவருடைய தோட்டமே போதும். குலைக்கு எடைக் கூலி மட்டும் கொடுத்தால் பச்சைக் குலையும் சேர்ந்து விழும், உதிரிப் பழம் புல்லுக்குள் கிடக்கும். அதனால்தான் உதிரிக்குத் தனிக் கூலி, பச்சைக் குலைக்கு அபராதம், மேலே மண்டோர் கண்காணிப்பு. ஆனால் பச்சைக் குலையை மண்டோர் கண்ணால் பார்க்க முடியும். டாக்டர் நோயாளி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டாரா என்பதை யாரும் பார்க்க முடியாது. பொருளாதார அறிஞர்கள் ஹோம்ஸ்ட்ரோமும் மில்குரோமும் 1991-ல் இதைக் கணக்காகவே நிறுவினார்கள்: ஒருவருடைய வேலையில் ஒரு பகுதியை எண்ண முடியும், இன்னொரு பகுதியை எண்ண முடியாது என்றால், எண்ணக்கூடியதற்குப் பெரிய போனஸ் வைப்பது எண்ண முடியாததை அழிக்கும். சில வேலைகளுக்கு வெறும் மாதச் சம்பளமே மேல் என்பதும் அதிலிருந்து வருகிறது. பின்னாளில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

6.5 என்ற எண்ணில் உள்ள ஆபத்துக்கு வருகிறேன். மலேசிய மருத்துவ வழிகாட்டியே எல்லாருக்கும் ஒரே இலக்கு வைக்கச் சொல்லவில்லை. நோய் புதிதாக வந்த இளவயதினருக்கு 6.5 வரை இறக்கலாம். மற்ற பலருக்கு 7 வரை. முதியவர், வேறு நோய்களும் உள்ளவர், சர்க்கரை திடீரென்று இறங்கும் பழக்கம் உள்ளவர் ஆகியோருக்கு 7.1 முதல் 8 வரை இருந்தாலும் சரி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கோர்ட் என்ற ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 6-க்கும் கீழே இறக்கப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தார்கள், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 203 பேர். 2008 பிப்ரவரியில் கடும் சிகிச்சையை நிறுத்தினார்கள். அப்படியிருந்தும் பிரிட்டன் 2009-ல் தன் போனஸ் இலக்கை 7.5-லிருந்து 7-க்கு இறக்கியது. 2011-ல் 7.5-க்கு மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று.

தோட்டத்தில் இது எப்படித் தெரியும் என்றால்: எச்.பி.ஏ.1.சி. 7.2-ல் நிற்கும் 52 வயதுக் குலை வெட்டுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினோடு கிளிக்லசைடு இன்னொரு மாத்திரை சேர்த்தால் 6.5-க்குள் வந்துவிடுவார், போனஸுக்கு ஒரு தலை கூடும். அவர் விடியற்காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வெறும் தேநீரோடு பெரட்டுக்குப் போகிறார். பத்து மணி வரை சாப்பாடு இல்லை. நீண்ட கம்பின் முனையில் அரிவாளைப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேல் இழுக்கும் நேரத்தில் கை நடுங்கி, வேர்த்து, கண் இருள்கிறது. அந்த வகை மாத்திரை உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காது. கிளினிக் கோப்பில் அவர் வெற்றி பெற்ற நோயாளி.

எண்ணே தவறாகவும் வரலாம். இரும்புச்சத்துக் குறைந்த ரத்தச்சோகையில் எச்.பி.ஏ.1.சி. உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்; தோட்டத்துப் பெண்களிடம் இந்தச் சோகை அரிதல்ல. அண்மையில் ரத்தம் ஏற்றியவருக்கும் சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோயுள்ளவருக்கும் குறைவாகக் காட்டும்.

அடுத்தது வெறும் கணக்கு, ஆனால் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 40 பேர் மிகச் சிறிய கூட்டம். கிளினிக்கின் உண்மையான தரம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது சராசரியாக 16 பேர் இலக்குக்குள் வருவார்கள். போனஸுக்கு 18 பேர் வேண்டும். தற்செயலான ஏற்ற இறக்கத்தால் மட்டுமே, எந்த முயற்சியும் இல்லாமல், ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 18 வந்துவிடும். அதே காரணத்தால் நன்றாக வேலை செய்த ஆண்டிலும் 14 ஆகலாம். 400 பேர் இருந்தால் இதே தாண்டல் தற்செயலாக நடக்க நூற்றுக்கு இரண்டு வாய்ப்புத்தான். ஆக உங்கள் ஒப்பந்தம் தரத்துக்குப் பணம் கொடுக்கவில்லை, பெரும்பாலும் குலுக்கலுக்குக் கொடுக்கிறது. இதில் இன்னொரு கேடு, 45 என்ற ஒற்றைக் கோடு. 44 வந்தால் பூஜ்யம், 45 வந்தால் 4,000. நவம்பரில் 17 பேர் இருந்தால் அந்தப் பதினெட்டாம் ஆளுக்காக எதையும் செய்யத் தோன்றும். 10 பேர்தான் இருந்தால் அந்த ஆண்டை விட்டுவிடத் தோன்றும்.

எதையும் செய்வது என்றால் என்ன? பிரிட்டனில் ரத்த அழுத்தத்துக்கு 150/90 என்று கோடு வைத்த பிறகு, டாக்டர்கள் பதிந்த அளவுகளில் கோட்டுக்குச் சற்றே கீழே உள்ள எண்கள் வழக்கத்தைவிடக் கூடின. எழுதுகிறவரே பணம் வாங்குகிறவராக இருந்தால் எண் தானாகவே பக்கம் சாயும். அங்கேயே 48 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். பல கிளினிக்குகள் முன்பதிவையே நிறுத்திவிட்டன, அடுத்த வாரத்துக்கு எழுதினால் இலக்கு தவறுமே! 2005 தேர்தல் நேரத்தில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மக்கள் இதைச் சொன்னபோதுதான் பிரதமர் பிளேருக்கே தெரிய வந்தது. அமெரிக்காவில் நிமோனியாவுக்கு நான்கு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும் என்று அளந்தபோது, நிமோனியாவே இல்லாதவர்களுக்கும் ஊசி போனது. பிறகு ஆறு மணி நேரமாக்கினார்கள், கடைசியில் அந்த அளவுகோலையே எடுத்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் இதய அறுவை மருத்துவர்களின் இறப்புக் கணக்கை வெளியிட்டபோது, மிகவும் முடியாத நோயாளிகளை ஏற்கத் தயக்கம் வந்தது.

இந்தக் கடைசி விஷயம் உங்களை நேராகத் தொடும். கஷ்டமான ஆட்களைக் கிளினிக் மெல்ல அரசாங்க கிளினிக்குக்கோ ஈப்போ ஆஸ்பத்திரிக்கோ எழுதி அனுப்பிவிட்டால் 40 பேர் 32 ஆவார்கள், சதவீதம் உயரும். அனுப்பப்பட்டவருக்கு நல்ல வைத்தியம் கிடைக்கலாம். ஆனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வரும், ஆறு மாதத்தில் போகாமல் விட்டுவிடுவார். அதனால் ஒப்பந்தத்தில் ஆண்டுத் தொடக்கத்துப் பெயர்ப் பட்டியலை முடக்கி வையுங்கள். விலக்க வேண்டியவரை விலக்கலாம், காரணத்தை எழுதி: ஊர் திரும்பிவிட்டார், டயாலிசிஸ் தொடங்கிவிட்டது, வேறு கிளினிக்குக்கு மாறுவதாக அவரே சொன்னார். பிரிட்டனிலும் இப்படி விலக்கு இருந்தது, முதல் ஆண்டில் நடுமட்டக் கிளினிக்கில் அது 6 சதவீத அளவில்தான். உங்கள் 40-ல் அது இரண்டு மூன்று பேர். எட்டு பேரை விலக்கினால் கேள்வி கேளுங்கள்.

சரி, எதற்குப் பணம் கொடுக்கலாம்? ருவாண்டாவில் 2006-க்கும் 2008-க்கும் நடுவே நடந்த பரிசோதனை இங்கே உதவும். சில மாவட்டங்களில் சுகாதார நிலையங்களுக்கு வேலைக்கு ஏற்பப் பணம், மற்றவற்றில் அதே அளவு பணம் நிபந்தனையின்றி. அதனால் வித்தியாசம் பணத்தால் வந்ததா, நிபந்தனையால் வந்ததா என்று பிரிக்க முடிந்தது. நிலையத்தில் நடக்கும் பிரசவம் 23 சதவீதம் கூடியது, குழந்தைகளைக் காட்ட வருவதும் கூடியது. ஆனால் கர்ப்பிணிகள் நான்கு முறை வருவதிலும், குழந்தைகளின் தடுப்பூசி முழுமையாவதிலும் மாற்றமில்லை. காரணம் விலைப்பட்டியலிலேயே தெரிந்தது: ஒரு பிரசவத்துக்கு 4 டாலர் 59 சென்ட், கர்ப்பிணியின் முதல் வருகைக்கு 9 சென்ட். பணம் எவ்வளவு என்பது ஒன்று, அந்த வேலை ஊழியரின் கைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது மற்றொன்று. தாய் நான்கு முறை நடந்து வருவது அவள் முடிவு.

இதை வைத்து உங்கள் 4,000 ரிங்கிட்டை இப்படிப் பிரிக்கலாம். ஆளுக்கு ஆண்டுக்கு: எச்.பி.ஏ.1.சி. இரண்டு முறை எடுத்து, முடிவை நோயாளியிடம் சொல்லி, அவருக்குரிய இலக்கையும் கோப்பில் எழுதினால் முறைக்கு 10, ஆக 20 ரிங்கிட். சிறுநீரகத்தைச் சோதிக்க, சிறுநீரில் அல்புமினும் ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்த்து முடிவு சொன்னால் 15. கண்ணின் பின்புறப் படம் எடுக்க அனுப்புவதற்கு ஒன்றும் வேண்டாம், முடிவு கோப்புக்குத் திரும்பி வந்தால் 20. கால் பரிசோதனைக்கு 15. இது 70 ரிங்கிட், 40 பேருக்கு 2,800. மிச்சம் 1,200-ஐ வராதவர்களைத் தேடுவதற்கு வையுங்கள்: மூன்று மாதமாக வராத ஒருவரைத் திரும்ப வரவைத்தால் 30 ரிங்கிட். பரிசோதனைக் கூடச் செலவு இதில் சேராது, அது வழக்கம்போலத் தனிப் பில்.

எல்லாம் ஆளுக்கு ஆள் கணக்கு, கோடு கிடையாது. முப்பத்தொன்பதாவது ஆளுக்கும் அதே 15 ரிங்கிட்தான். பணத்தை ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுங்கள். ஜனவரியில் செய்த வேலைக்கு டிசம்பரில் வரும் பணம் யாருடைய பழக்கத்தையும் மாற்றாது. கால் பரிசோதனையைச் செய்வது பெரும்பாலும் நர்ஸ்தான். அந்தப் பணத்தில் அவருக்குப் பங்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கால் பரிசோதனையை ஏன் பிடித்துக்கொள்கிறேன் என்றால், தோட்டத்தில் அதுதான் முதலில் விட்டுப்போவது, விட்டால் அதிக விலை கேட்பதும் அதுதான். காலை முழுவதும் ரப்பர் பூட்ஸ், உள்ளே ஈரம். உணர்ச்சி குறைந்த காலில் முள் ஏறினாலும் தெரியாது. முறையாகச் செய்வதற்கு ஐந்து நிமிடம் போதும்: இரண்டு கால் உறையையும் கழற்றிவிட்டு, விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, பாதத்தின் மேலேயும் கணுக்காலின் உட்பக்கமும் நாடி தொட்டு, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் அடிப்பாதத்தில் சில இடங்களைத் தொட வேண்டும். நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும், இழை வளையும் வரை அழுத்த வேண்டும், தடித்த தோலின் மேல் தொடக் கூடாது. கடைசியில் பூட்ஸின் உட்புறத்திலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும்.

நடந்ததா என்று எப்படித் தெரியும்? காலாண்டுக்குப் பத்துக் கோப்பை, கிளினிக்குக்கு முன்கூட்டிச் சொல்லாமல், சீட்டுக் குலுக்கி எடுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு மட்டும். நோய் விவரம் நிர்வாகத்தின் மேசைக்குப் போகக் கூடாது, வெளி டாக்டர் ஒருவரோ நர்ஸோ பார்க்கட்டும். அந்தப் பத்துப் பேரிடமும் ஒரே கேள்வி: "போன தடவை செருப்பைக் கழற்றச் சொன்னார்களா?" கோப்பில் செய்ததாக இருந்து நோயாளி இல்லை என்றால், பத்தில் ஒருவர் என்றால் மறதி, மூவர் என்றால் காலாண்டுப் பணத்தை நிறுத்திவைத்துப் பேச வேண்டும். ரத்த அழுத்தப் பதிவில் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். தானியங்கிக் கருவி அளந்தால் எல்லா இலக்கமும் கலந்து வரும். 130, 140, 120 என்று பூஜ்யமாகவே நின்றால் அளக்காமல் எழுதுகிறார்கள் அல்லது சுமாராக எழுதுகிறார்கள்.

ஏற்கனவே கிடைக்கும் பணத்தை மறுபடி கொடுக்காதீர்கள். அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அவர்களின் துணைக்கும், குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 திட்டத்தில் உடல்நலப் பரிசோதனை இலவசம், பதிவு செய்த தனியார் கிளினிக்கிலும் எடுக்கலாம். பெர்கேசோவும் 2013 முதல் சந்தாதாரர்களுக்குப் பரிசோதனைத் திட்டம் நடத்துகிறது. நோயைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு அந்த வழிகள் இருக்கின்றன. கண்டுபிடித்த பிறகு ஆளைப் பிடித்து வைத்திருக்கும் வேலைக்குத்தான் ஆளில்லை.

இதுவரை கிளினிக்கைப் பற்றியே பேசினோம். பணத்தால் தடுக்கப்படுகிற இன்னொருவர் இருக்கிறார், நோயாளி. அமெரிக்காவில் 1,503 பேரை வைத்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கெட்ட கொழுப்பைக் குறைக்க டாக்டருக்கு மட்டும் பணம், நோயாளிக்கு மட்டும் பணம், இருவருக்கும் பாதிப் பாதி, யாருக்கும் இல்லை என்று நான்காகப் பிரித்தார்கள். இருவரும் பங்கிட்டுக்கொண்ட பிரிவில் மட்டும்தான் யாருக்கும் கொடுக்காத பிரிவைவிடத் தெளிவான இறக்கம் தெரிந்தது. மாத்திரையை எழுதுகிறவர் ஒருவர், விழுங்குகிறவர் இன்னொருவர். நம் நாட்டிலும் இந்த எண்ணம் உண்டு: பெக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 ரிங்கிட் ஊக்கத்தொகை, தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வரை.

தோட்டத்தில் நோயாளிக்குப் பரிசு கொடுக்க வேண்டாம், அபராதத்தை எடுத்தால் போதும். டன் கணக்கில் கூலி வாங்குகிறவர் கண் படம் எடுக்க ஒரு காலை போனால் அந்தக் காலையின் கூலி போகிறது. ஆண்டுக்கு இரண்டு அரை நாள், வழக்கமான சராசரிக் கூலியோடு, தோட்டத்து வேனிலேயே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவிடுவதாக எழுதி வாங்குங்கள். எம்.சி. கணக்கில் அது சேரக் கூடாது. 40 பேருக்கு 80 அரை நாள், அதாவது 40 மனித நாள். ஒரு காலில் கிருமி ஏறி அதை வெட்டி எடுக்க நேர்ந்தால் ஒரே ஆளுக்கு அதைவிட அதிக நாள் போகும். மேலே சொன்ன பணச் சரத்துகளில் எதையாவது விட்டுக்கொடுக்க நேர்ந்தால் மற்றதை விட்டுக்கொடுங்கள், இதை விடாதீர்கள்.

பேனல் டாக்டரின் நிலையையும் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள். தனியார் கிளினிக் ஆலோசனைக் கட்டணத்தை 2006-ஆம் ஆண்டு விதிகள் 10 முதல் 35 ரிங்கிட் என்று கட்டிப்போட்டன. மருந்தையும் அவர்களே கொடுப்பதால், வருமானத்தில் பெரும்பங்கு மருந்திலிருந்து வரும் அமைப்பாக அது ஆகிவிட்டது. ஒரு வருகைக்கு இத்தனை ரிங்கிட்தான் என்று பேனலும் உச்சவரம்பு வைத்தால், ஒரு மாத மாத்திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை வரச் சொல்வார்கள். அதுவும் ஓர் ஊக்கத்தொகைதான், யாரும் அந்தப் பெயரில் அழைப்பதில்லை. இனிப்பு நீர் வருகைக்கு மட்டும் அந்த உச்சவரம்பைத் தளர்த்தி, நிலையாக இருக்கும் நோயாளிக்கு ஒரு மாத மருந்து கொடுக்கச் சொன்னால், போனஸே இல்லாமல் பாதிச் சிக்கல் தீரும்.

ஒப்பந்தம் கையெழுத்தானாலும் முதல் மூன்று மாதம் பணம் எதுவும் கட்டாமல் அளந்து மட்டும் பாருங்கள். இப்போது எத்தனை பேருக்குக் கால் பார்த்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கண் படம் இருக்கிறது என்ற எண் கையில் வந்த பிறகு நான்காம் மாதத்திலிருந்து கணக்குத் தொடங்கட்டும். காலம் இரண்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டு ஏதாவது ஒரு வேலை 40-ல் 36 பேருக்கு மேல் நடக்கத் தொடங்கிவிட்டால், அதற்குரிய பணத்தை வெட்டாமல் அடிப்படைக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள், பிறகு காலாண்டுச் சோதனையில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

டிரெசருக்கும் (தோட்டத்து முதலுதவி அறையைப் பார்க்கும் ஊழியர்) போனஸ் வைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வராதவர்களைத் தேடிப் பிடிக்கும் அந்த 30 ரிங்கிட்டை அவருக்கே கொடுங்கள். எந்த லயத்தில் யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்பது கிளினிக் டாக்டரைவிட அவருக்குத்தான் தெரியும். ஆனால் முதலுதவி அறையில் எத்தனை பேரைப் பார்த்தார், எத்தனை பேரைக் கிளினிக்குக்கு அனுப்பாமல் சமாளித்தார் என்பதற்கு ஒரு சென்ட் கூடக் கட்ட விடாதீர்கள். அனுப்ப வேண்டியவரை அனுப்பத் தயங்காத டிரெசர்தான் தோட்டத்துக்கு வேண்டியவர்.